வசுமதி வீட்டு ஜன்னலுக்குப் போன பாட்டில்

வசுமதி வீட்டு ஜன்னல்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். இதை மறைத்துப் பேசி ஆகப்போவது ஒன்றுமில்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிரெஞ்சு பேசும் இந்தக் குளிர் ஊர் கர்க்லாண்டில் எங்கள் தெருவில் எல்லார் வீட்டு ஜன்னலிலும் மழை காய்ந்த கோடோ, பனிக்காலத்து உப்புப் புழுதியோ, பறவை எச்சமோ ஏதாவது ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். எதிர்வீட்டு வசுமதிக்கு மட்டும் கிடையாது. காலை வெயில் அவள் வீட்டுக் கண்ணாடியில் பட்டுத் திரும்பி நேரே என் சமையலறைக்குள் வந்து, என் ஜன்னலில் இருக்கும் அழுக்கை எனக்கே காட்டிக்கொடுக்கும். முதல் வாய் காபியிலேயே எரிச்சல் ஆரம்பித்துவிடும்.

அவளுக்கு என்ன குறை? கணவர் இரவிச்சந்திரன் இதய டாக்டர், மாதத்தில் பாதி நாள் ஏதாவது மாநாடு என்று பறந்துகொண்டிருப்பார். பையன் டொரண்டோவில் வேலை. ஐம்பது வயதிலும் இடுப்பு இடுப்பாகவே இருக்கிறது. என்னைவிட இரண்டே வயது சின்னவள், ஆனால் வாய் நிறைய "அக்கா, அக்கா" என்பாள். அவள் அப்படிக் கூப்பிடும்போதெல்லாம் எனக்கு முட்டி வலிக்கிற மாதிரி இருக்கும்.

என் வீட்டுக்காரர் பாலகிருஷ்ணன் கெமிக்கல் இன்ஜினியர். பெயிண்ட் கம்பெனி ஒன்றில் இருபத்திரண்டு வருஷம் உழைத்துவிட்டு 2003இல் ஓய்வு பெற்றார். "ம்", "சரி", "உப்பு கம்மி". ஒரு நாளைக்கு என்னிடம் அவர் பேசுவது இவ்வளவுதான். மீதி நேரமெல்லாம் பேஸ்மெண்டில் கிடப்பார். அங்கே ஒரு எஃகுப் பானை, அதன் தலையில் வளைந்து வளைந்து போகும் செப்புக் குழாய். ஆப்பிள் சாற்றைக் குடம் குடமாக வாங்கிவந்து புளிக்கவைத்துக் காய்ச்சி வடிப்பார். ஆமாம், சாராயம்தான். இந்த நாட்டில் வீட்டில் பியர் போடலாம், ஒயின் போடலாம், ஆனால் லைசென்ஸ் இல்லாமல் இதைக் காய்ச்சக் கூடாது. படித்த மனிதர், தெரிந்துதான் செய்கிறார். சரி, குடிக்கவாவது செய்கிறாரா என்றால் அதுவும் இல்லை. தீபாவளிக்கு ஒரு மூடி, அவ்வளவுதான். சொட்டுச் சொட்டாக வடிவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதில் அவருக்கு என்னமோ ஒரு ஆனந்தம்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்தப் பானை வீட்டுக்குள் வந்த அன்றே நான் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். "கீழ நீங்க என்ன வேணாப் பண்ணிக்குங்க. அந்த நாத்தம் படியேறி மேல வரக் கூடாது. அதைப் பத்தி என்கிட்ட ஒரு வார்த்தை பேசக் கூடாது." துணி துவைக்கும் மெஷினைக்கூட மேலே கொண்டுவரச் செய்து, பேஸ்மெண்ட் பக்கம் எட்டிப் பார்ப்பதையே விட்டுவிட்டேன். அவரும் "சரி" என்றார். சொன்னபடி ஒரு வார்த்தை பேசவில்லை, அந்த மனிதர்.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை நாங்கள் ஏழெட்டுப் பெண்கள் யாராவது ஒருவர் வீட்டில் கூடி சகஸ்ரநாமம் சொல்லி, சேர்ந்து சாப்பிட்டுவிட்டு வருவோம். 2004 செப்டம்பரில் அது வசுமதி வீட்டில் நடந்தது. சொல்லி முடித்து இலையில் உட்கார்ந்ததும், நான் வேலை பார்க்கும் கார்தெரியில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், என்னோடு வேலை செய்யும் ரஞ்சனா, யாழ்ப்பாணத்துக்காரி, ஜன்னலைப் பார்த்து வாயைப் பிளந்தாள்.

"என்ன வசுமதி, கண்ணாடி இருக்கிறதே தெரியேல்லை! எப்பிடி இப்பிடி வச்சிருக்கிறீங்கள்?"

வசுமதி சாம்பார் வாளியோடு நின்று சிரித்தாள். "எல்லாம் பாலா சார் புண்ணியம். காய்ச்சும்போது முதல்ல வடியுறது விஷமாம், குடிக்கக் கூடாதாம். அதை வீணாக் கொட்டாம பாதி தண்ணி கலந்து எனக்கு பாட்டில்ல கொடுப்பார். நியூஸ்பேப்பர்ல தொட்டு ஒரே ஒரு இழு. கோடே விழாது."

என் கையில் பிசைந்த சோறு அப்படியே நின்றுவிட்டது. பாலா சாராம்! முப்பது வருஷம் குடும்பம் நடத்திய நான்கூட அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

"ஓம் ஓம், எனக்கும் அண்ணை ஒரு போத்தல் தந்தவர்," என்றாள் ரஞ்சனா. "கனகாக்காவைக் கார்தெரியிலை இறக்க வரேக்கை காருக்குள்ளை இருந்து எடுத்துத் தந்தவர். அடுப்புக்கு மேலை இருந்த எண்ணெய்ப் பிசுக்கு ஒரு துடையிலை போயிட்டுது. 'அடுப்பு ஆறின பிறகுதான் துடைக்கோணும், நெருப்புக்குக் கிட்டக் கொண்டுபோகக் கூடாது' எண்டு போத்தலிலையே எழுதி ஒட்டியிருந்தவர். தங்கமான மனுசன்."

"உங்க வீட்டுல எல்லாம் எப்படிப் பளபளன்னு இருக்கும்!" என்று வசுமதி என் பக்கம் திரும்பினாள். "அக்கா, நீங்க எதுக்கெல்லாம் யூஸ் பண்றீங்க?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு இப்படி ஒரு சமாச்சாரம் இருப்பதே தெரியாது. "எதுக்குத்தான் இல்ல? எல்லாத்துக்கும்தான்," என்று சொல்லிச் சோற்றை வாயில் வைத்தேன். என் புருஷன், என் வீட்டுப் பேஸ்மெண்டு, என் வீட்டுச் சாராயம். ஊரெல்லாம் அதில் குளிக்கிறது, எனக்குச் சேதி மட்டும் வருகிறது, அதுவும் எதிர்வீட்டு இலையில்.

அன்று மாலை அவரிடம் கேட்டேனா? கேட்கவில்லை. கேட்டால் "ம்" என்பார், அந்த "ம்"மைக் கேட்டு நான் இன்னும் கொதிப்பேன். வினிகரை எடுத்துக்கொண்டு என் சமையலறை ஜன்னலை ஒரு மணி நேரம் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்கக் கோடுதான் அதிகமானது.

மறுநாள் அவர் ஜான் தலோன் சந்தைக்கு மளிகை வாங்கப் போனதும் பேஸ்மெண்டுக்கு இறங்கினேன். பன்னிரண்டு வருஷம் கழித்து முதல் முறை. குப்பைமேடாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு போனால், ஆஸ்பத்திரி மாதிரி சுத்தம். பானையும் குழாயும் மின்னின. சுவரோரம் அலமாரி நிறைய பாட்டில்கள், ஒவ்வொன்றிலும் வெள்ளைத் தாள் ஒட்டி, அவருடைய குண்டு குண்டான கையெழுத்து. "ஜன்னலுக்கு, பாதி தண்ணீர்." "ஸ்டிக்கர் பசைக்கு." "சட்டையில் பேனா மை." "கார் பூட்டு உறைந்தால்." எல்லாவற்றிலும் கீழே சிவப்பு மையில், "விஷம். வாயில் படக் கூடாது. நெருப்புக் கிட்ட வேண்டாம்."

ஒரு பாட்டிலில் மட்டும் பெயர் இருந்தது. "வசுமதி, மாடி ஜன்னல்."

எனக்கு அவர் ஒரு கடிதம் எழுதியதில்லை. கல்யாணமான புதிதில் மூன்று மாதம் நான் அம்மா வீட்டில் இருந்தபோதுகூட "நலம், பணம் அனுப்பியுள்ளேன்" என்று தந்தி மாதிரி ஒரு கார்டுதான் வந்தது. இங்கே என்னடாவென்றால் எழுத்துக்கு எழுத்துப் பிசகாமல் அவள் பெயரை எழுதி, மூலைகளில் டேப் வேறு ஒட்டியிருக்கிறார். அலமாரியை மேலிருந்து கீழ்வரை இரண்டு தடவை பார்த்தேன். கனகவல்லி என்று என் பெயரில் ஒரு பாட்டில் இல்லை.

அப்போதுதான் திரும்பினேன். கைகழுவும் தொட்டிக்கு மேலே ஒரு சின்னக் கண்ணாடி. அதில் வரிசையாக நாலு ஸ்டிக்கர் பொட்டு.

மெரூன் கலர், நடுத்தர சைஸ். நான் வைப்பது கறுப்பு, கடுகளவு. தெருவில் மெரூன் பொட்டு வைப்பவள் ஒருத்திதான். நம்ம பெண்கள் பொட்டை எப்போது எடுத்துக் கண்ணாடியில் ஒட்டுவார்கள்? முகம் கழுவும்போது, குளிக்கும்போது, படுக்கப் போகும்போது. வேறு எதற்கு ஒட்டுவார்கள், நீங்களே சொல்லுங்கள். நாலு பொட்டு என்றால் நாலு தடவை. நான் வாரத்தில் மூன்று நாள் கார்தெரியில் அடுத்தவர் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்துக்கொண்டிருக்கும்போது, இவள் என் வீட்டுக்குக் கீழே நின்று முகம் கழுவியிருக்கிறாள்!

படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். இந்த மனிதர் பேசமாட்டார், சிரிக்கமாட்டார், ஆனால் எங்கேயும் போகமாட்டார் என்றுதான் இத்தனை வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன். பிள்ளை இல்லாத வீடு எங்களுடையது. அவருக்கு நான், எனக்கு அவர், அவ்வளவுதான் கணக்கு. அவரும் கைவிட்டுப் போனால் இந்தக் குளிர் தேசத்தில் எனக்கு யார் இருக்கிறார்கள்?

பயம் வந்த சூட்டோடு கோபம் வந்தது. மேலே போய்ச் சர்க்கரை டப்பாவை எடுத்துவந்தேன். வசுமதி பெயர் எழுதிய பாட்டிலைத் திறந்து குழிக்கரண்டியால் மூன்று கரண்டி கொட்டினேன். மூடிக் குலுக்கினேன். பாதி தண்ணீர் இருந்ததால் குலுக்கக் குலுக்கக் கரைந்துவிட்டது. பாட்டிலை இருந்த இடத்திலேயே வைத்து, எழுத்து வெளியே தெரியும்படி திருப்பியும் வைத்தேன். துடைக்கட்டும். கண்ணாடி பூராவும் பிசுபிசுவென்று ஒட்டட்டும். அடுத்த தடவை அவள் வீட்டில் கூடும்போது எல்லாரும் பார்க்கட்டும். பொட்டுகளில் கை வைக்கவில்லை, தொடவே அருவருப்பாக இருந்தது.

அந்த வாரம் முழுவதும் இரண்டு பேரையும் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. அவர் சாப்பிட்டார், "உப்பு கம்மி" என்றார், கீழே போனார்.

அடுத்த சனிக்கிழமை காலை நல்ல வெயில். இட்லி சாப்பிட்டுவிட்டு எழுந்தவர், வழக்கமில்லாத வழக்கமாக என்னிடம் சொல்லிக்கொண்டார். "வசுமதி வீட்டுக்குப் போயிட்டு வரேன்."

"எதுக்காம்?"

"மாடி ஜன்னல்."

"ஏன், அவளுக்குக் கை இல்லையா?"

"ஏணி ஏறினா தலை சுத்துமாம். டாக்டரும் ஊர்ல இல்ல. நாளைக்குப் பையனுக்குப் பொண்ணு வீட்டுக்காரங்க வராங்களாம்."

அவருக்கு அறுபத்தோரு வயது. எங்கள் வீட்டு மாடி ஜன்னலைத் துடைக்க அந்த ஏணி ஒரு நாள் கராஜை விட்டு வெளியே வந்ததில்லை. ஒரு கையில் ஏணி, இன்னொரு கையில் அந்தப் பாட்டில். தெருவைத் தாண்டிப் போனார். அதில் சர்க்கரை இருக்கிறது என்று அப்போதே கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. வசுமதி வாசலுக்கு ஓடிவந்து, "ஐயோ சார், உங்களுக்கு எதுக்கு சிரமம்!" என்று ஏணியின் ஒரு முனையைப் பிடித்ததைப் பார்த்தேன், வந்த வார்த்தையை முழுங்கிவிட்டேன். ஒட்டட்டும், இரண்டு பேர் கையிலும் ஒட்டட்டும் என்று திரைக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

முதல் ஜன்னலைத் துடைத்தார், இறங்கினார், ஏணியை நகர்த்தினார். இரண்டாவதைத் துடைத்தார். வசுமதி கீழே நின்று அண்ணாந்து ஏதோ கேட்டுக்கொண்டே இருக்க, இவர் மேலிருந்து பதில் சொல்லிக்கொண்டே இருந்தார். தெருவுக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்கவில்லை. வாய் அசைவது மட்டும் தெரிந்தது. பத்து நிமிஷம் நிற்காமல் அசைந்தது, என் வீட்டுக்காரர் வாய்! மூன்றாவது ஜன்னலில் இருக்கும்போது முதல் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார். வெயிலில் காய்ந்து வெள்ளை வெள்ளையாகக் கோடு விழுந்திருக்க வேண்டும். இறங்கி, ஏணியை மறுபடி அங்கே போட்டு ஏறினார்.

செப்டம்பரில் இந்த ஊர்க் குளவிகளைப் பற்றித் தெரியாதவர்கள் கிடையாது. மாடித் தாழ்வாரத்துக்கு அடியில் அவள் வீட்டில் ஒரு கூடு இருந்திருக்கிறது. ஜூஸ் டம்ளரைச் சுற்றினாலே விடாதவை, ஜன்னல் முழுக்கச் சர்க்கரை பூசியிருந்தால் விடுமா? முதலில் இரண்டு, பிறகு பத்து, பிறகு எண்ண முடியவில்லை. கண்ணாடியில், துணியில், அவர் கையில். அவர் கையை உதறினார். ஏணி வழுக்கியது.

நான் எப்படிக் கதவைத் திறந்தேன், எப்படித் தெருவைத் தாண்டினேன் என்று இன்றைக்கும் ஞாபகமில்லை. செருப்புகூடப் போடவில்லை. அவள் வீட்டுப் பூச்செடிகளுக்கு நடுவே மல்லாந்து கிடந்தார். செடிகள்தான் காப்பாற்றின. வலது மணிக்கட்டு கோணலாகத் தொங்கியது, கழுத்திலும் காதிலும் கொட்டின தடிப்பு.

"என்னங்க! என்னங்க!" என்று நான் கத்த, "ஒண்ணுமில்ல கனகம், கை மட்டும்தான்," என்றார். வலியில் முகம் சாம்பல் பூத்துக் கிடந்தது. சர்க்கரை, சர்க்கரை என்று அது ஒன்றே மண்டைக்குள் அடித்துக்கொண்டிருந்தது.

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. வசுமதிதான் ஓட்டினாள். கை அசையாமல் இருக்க வேண்டும் என்று அவரை முன்சீட்டில் உட்காரவைத்தாள், நான் பின்னால். புருஷன் கை ஒடிந்து கிடக்கிறார், அப்போதும் முன்சீட்டில் யார் யார் என்பதுதான் என் கண்ணில் படுகிறது. என்ன ஜென்மமோ நான்.

எமர்ஜென்சியில் வரவேற்பில் இருந்த நர்ஸ் "போன்ஜூர், ஹை" என்று இரண்டு பாஷையிலும் சொல்லிச் சிரித்துவிட்டு, மூச்சுத் திணறல் இல்லை, அலர்ஜி இல்லை என்று பார்த்து, தற்காலிகமாக ஒரு கட்டுப் போட்டு உட்காரவைத்தாள். ஆறு மணி நேரம் ஆகலாம் என்றாள். மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்தோம். அவர் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். நான் "ரொம்ப வலிக்குதா?" என்று கேட்டேன். "ம்" என்றார். ஐந்து நிமிஷம் கழித்து மறுபடி கேட்டேன். "ம்."

வசுமதி அவர் பக்கம் சாய்ந்தாள். "சார், போன தடவை ஒண்ணு சொன்னீங்களே. முதல்ல வடியுறது கெட்டது, நடுவுல வர்றது நல்லது, கடைசில வர்றது மறுபடி கெட்டதுன்னு. எந்த நிமிஷத்துல மாத்தணும்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

அவர் முகத்தைப் பார்த்தேன். வலி அப்படியே விலகி நின்றது. "அது தெர்மாமீட்டர் பாதி சொல்லும், மூக்கு பாதி சொல்லும்," என்று ஆரம்பித்தார். "முதல்ல வர்றது நெயில் பாலிஷ் ரிமூவர் மாதிரி மூக்குல குத்தும். அந்தக் குத்தல் போய், நறுக்கின ஆப்பிள் வாசனை லேசா வரும் பாருங்க..." இடது கையால் காற்றில் குழாய் வரைந்தார். புருவம் ஏறி இறங்கியது. ஒரு தடவை சிரிக்கக்கூடச் செய்தார். முக்கால் மணி நேரம் பேசினார். முப்பது வருஷத்தில் என்னிடம் சேர்ந்தாற்போல இவ்வளவு பேசினதில்லை. அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. அதையாவது தட்டிவிடலாம். இதை என்ன செய்வது?

"அக்கா, வீட்டுல சமைச்சு எடுத்துட்டு வரேன், பசிக்கும்," என்று வசுமதி ஒருவழியாக எழுந்துபோனாள். நாங்கள் இரண்டு பேரும் மட்டும் ஆனோம். எதிரே டிவியில் பிரெஞ்சில் யாரோ சமையல் செய்துகொண்டிருந்தார்.

அவர் இடது உள்ளங்கையை விரித்துப் பார்த்தார், விரல்களை ஒட்டி ஒட்டிப் பிரித்தார். "பாட்டில்ல சர்க்கரை எப்படி வந்துது?" என்றார், மெதுவாக, யாரையும் கேட்காத மாதிரி.

"நான்தான் போட்டேன்."

"எவ்வளவு?"

என்ன மனிதர் பாருங்கள்! ஏன் என்று கேட்கவில்லை, எவ்வளவு என்கிறார். "குழிக்கரண்டியில மூணு," என்றேன். அதற்கு மேல் அடக்க முடியவில்லை. கண்ணில் தண்ணீர் கொட்ட, பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் எல்லாவற்றையும் கேட்டுவிட்டேன். "அவ எதுக்குங்க என் வீட்டுக் கீழ வந்து பொட்டை எடுத்து ஒட்டறா? நாலு தடவை வந்திருக்கா, நான் எண்ணிட்டேன். எனக்குத் தெரியணும். இப்பவே தெரியணும்."

அவருக்கு ஒரு நிமிஷம் புரியவே இல்லை. புரிந்ததும் வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தார்.

"அட ராமா! அது நான் ஒட்டினது கனகம். பொட்டுப் பசைதான் கண்ணாடியில போகவே போகாது. நம்ம பாத்ரூம் கண்ணாடி பூரா உன் பொட்டுப் பசை, வருஷக்கணக்கா கறுத்துப் போய்க் கிடக்கு. எத்தனை நாள் பழசுக்கு எத்தனை பங்கு ஸ்பிரிட் கலந்தா பசை வரும்னு பாக்கறதுக்காக ஒட்டினேன். அந்தம்மாகிட்ட ஒரு அட்டை கேட்டு வாங்கினேன்."

"பொண்டாட்டிகிட்டப் பொட்டு அட்டை கேட்டா என்ன, வாய் வெந்தா போகும்?"

"கேட்டா கொடுத்திருப்ப. எதுக்குன்னு கேட்டிருக்க மாட்ட."

அவர் டிவியைப் பார்த்துக்கொண்டே பேசினார். குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும், இல்லை. "பாட்டிலை முதல்ல உனக்குத்தான் கொடுக்கணும்னு வச்சிருந்தேன். மேல வரக் கூடாது, பேசக் கூடாதுன்னு நீ சொல்லிட்ட. சரின்னேன். ஒரு நாள் அந்தம்மா ஏதோ பார்சல் கொடுக்க வந்தவங்க, கீழ என்ன சார் பண்றீங்கன்னு கேட்டாங்க. பன்னிரண்டு வருஷத்துல ஒரு ஆள் கேட்டது அதான் முதல் தடவை. சொன்னேன். அடுத்த தடவையும் கேட்டாங்க. அடுத்த தடவையும் சொன்னேன். அவ்வளவுதான் கனகம். அதுக்கு மேல அங்க ஒண்ணும் இல்ல."

ஒன்றுமில்லை என்று கேட்டால் நிம்மதியாக இருக்கும் என்று ஒரு வாரமாக நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை. அவள் அழகைக் காட்டி மயக்கியிருந்தால் அவளைத் திட்டித் தீர்த்திருப்பேன். அவள் ஒரு கேள்வி கேட்டிருக்கிறாள், வேறொன்றும் செய்யவில்லை. நான் பன்னிரண்டு வருஷமாகக் கேட்காமல் விட்டதை அவள் வாசலில் நின்றபடியே கேட்டுவிட்டுப் போயிருக்கிறாள். யாரைத் திட்டுவது?

ஆறு மணி நேரம் என்று சொல்லி ராத்திரி ஒன்பது மணிக்குத்தான் மாவுக்கட்டுப் போட்டார்கள், ஆறு வாரத்துக்கு. வசுமதி கொண்டுவந்திருந்த தயிர்சாதத்தை நானே அவருக்கு ஊட்டினேன். நன்றாக இருந்தது என்பதையும் சொல்லித் தொலைக்க வேண்டியிருக்கிறது. திரும்பும்போது முன்சீட்டுக் கதவை அவள் திறப்பதற்குள், "பின்னாடி என்கூட உக்காருங்க, சாஞ்சுக்கலாம்," என்று இழுத்துக்கொண்டேன். வழியில் சர்க்கரை விஷயத்தையும் அவளிடம் சொன்னேன். முதுகைப் பார்த்துச் சொன்னதால் சொல்ல முடிந்தது. ரோட்டைப் பார்த்தபடியே, "நான் இப்படிச் சர்க்கரை போடக்கூட வழியில்ல அக்கா. எங்க வீட்டுக்காரர் யார் ஜன்னலைத் துடைச்சாலும் எனக்குத் தெரியப்போறதில்ல," என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. அதற்காகப் பொறாமை போய்விட்டதா என்றால், போகவில்லை.

திங்கட்கிழமை மாலை அழைப்பு மணி அடித்தது. வசுமதி, கையில் ரசப் பாத்திரத்தோடு. "சார் எப்படி இருக்கார்? கீழயா இருக்கார்? ஒரு நிமிஷம் பாத்துட்டு..."

"வேலையா இருக்கார்," என்று ரசத்தை வாங்கிக்கொண்டு, "தேங்க்ஸ் வசுமதி," என்று சிரித்துக் கதவைச் சாத்தினேன்.

வேலையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ஒரு கையை வைத்துக்கொண்டு என்ன வேலை செய்வார்? படியிறங்கிப் போனேன். அடுப்பேறாத பானையைப் பார்த்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். புளிப்பும் ஸ்பிரிட்டுமாக அந்த நாற்றம் குப்பென்று முகத்தில் அடித்தது. மூக்கைப் பிடிக்க எழுந்த கையைப் பாதியில் இறக்கிக்கொண்டேன். எதைக் கேட்பது என்று தெரியவில்லை. தெர்மாமீட்டரை அவள் கேட்டுவிட்டாள். முதல் வடி, நடு வடி, கடைசி வடி எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். எனக்கென்று அவள் ஒன்றும் மிச்சம் வைத்திருப்பதாகத் தெரியவில்லை.

"ஏங்க," என்றேன். "குடிக்கவும் மாட்டீங்க. விக்கவும் மாட்டீங்க. இதுல உங்களுக்கு அப்படி என்னங்க இஷ்டம்?"

நிமிர்ந்து பார்த்தார். நெற்றியைச் சுருக்கினார்.

"இந்தக் கேள்வியை வசுமதி கேட்டாளா?"

நன்றாக யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார். "இல்ல."

"அப்ப எனக்குச் சொல்லுங்க," என்று இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.